படகு வண்டி சாலைக்கு வரலாமா?

ஹைதராபாத்தின் பகதூர்புராவில், நேரு உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்தில் சுதா கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சுதாகர் யாதவ் 2010-இல் திறந்தது. பர்கர், கிரிக்கெட் மட்டை, கைப்பை, ஷூ என்று விதவிதமான உருவங்களில் ஓடும் வண்டிகளை அங்கே பார்க்கலாம். 2005 ஜூலை 1 அன்று இவர் ஓட்டிக் காட்டிய மூன்று சக்கர சைக்கிளின் உயரம் 41 அடி 7 அங்குலம். அது கின்னஸ் சாதனை.

பார்த்துவிட்டு வருகிற இளைஞர்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். பழைய ஃபைபர் படகு ஒன்றை விலைக்கு வாங்கி, ஜீப் சேஸிஸ் மேல் ஏற்றி, ஹைதராபாத்தின் அமீர்பேட் மைத்ரிவனம் சந்திப்பில் ஒரு சுற்று வந்தால் எப்படி இருக்கும்! ஆசையில் தப்பே இல்லை. சொந்த வளாகத்துக்குள் உதிரி பாகங்களைச் சேர்த்து வண்டி கட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பதில்லை. பதிவுள்ள வண்டியில் கை வைக்கும்போதும், கட்டியதைப் பொது இடத்துக்குக் கொண்டு வரும்போதும்தான் சிக்கல்.

இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. 1910-இல் கல்கத்தாவில் ராபர்ட் மேத்யூசன் என்ற செல்வந்தர் அன்னப்பறவை வடிவில் ஒரு காரை ஓட்டி வந்தார். செய்து கொடுத்தது, படகு எஞ்சின்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ப்ரூக் நிறுவனம். அன்னத்தின் அலகிலிருந்து நீராவி பீறிட, தெருவே கலவரப்பட்டது. போலீஸ் அந்தக் காரைச் சாலைக்கு வரவிடாமல் தடுத்துவிட்டது. இப்போது அது நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், லௌவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2024 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தின் அம்பேத்கர் நகரில் ஹெலிகாப்டர் போல மாற்றப்பட்ட கார் பிடிபட்டது. 2025-இல் மேற்கு வங்கத்தில் கட்டிலையே காராக்கி ஓட்டியவரின் வண்டியும் பறிமுதல் ஆனது.

சட்டம் சொல்வது இதுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை அழுத்தமாக உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதிவே இல்லாத வண்டி என்றால் 207-ஆம் பிரிவு போலீசுக்குப் பறிமுதல் அதிகாரம் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொண்டு, பிறகு ஒப்புதல் பெறலாம். அது நியாயமான விலக்கு.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்ஷூரன்ஸ் பற்றி. பதிவில்லாத வண்டிக்கு பாலிசி கிடையாது. அது ஒருவர் மேல் மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். வாலிபர் ஒருவர் இறந்தால், அவருடைய வருமானத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிட்டுத்தான் தீர்ப்பு வரும். வீட்டை விற்றாலும் அடைக்க முடியாத கடன் அது. பாலிசி உள்ள வண்டியை மாற்றியிருந்தாலும், வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கைவிரிக்கும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்ததை உங்களிடம் வசூலிக்கச் சொல்லி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடவும் கூடும்.

மோதுவதற்கான வாய்ப்போ நிறையவே உண்டு. படகின் முன்மூக்கு தூக்கி நிற்கும். ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்தால் மூக்குக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை கண்ணில் படாது. அமீர்பேட் போல நடைபாதையிலும் கடை, ரோட்டிலும் ஜனம் என்ற இடத்தில் அந்த மறைவே ஆளைக் கொல்லும். அடியில் எந்த வண்டி என்பதும் முக்கியம். பழைய ஜீப்புக்குத் தனி சேஸிஸ் உண்டு. மாருதி 800-க்குக் கிடையாது. அதன் பாடிதான் எடையைத் தாங்குகிறது. அதை வெட்டிவிட்டுப் படகை வைத்தால் சீட் பெல்ட்டை மாட்டக்கூட உறுதியான இடம் இருக்காது.

இப்படி வண்டி கட்டும் ஷெட்டில் வேலை செய்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஃபைபர் ஒட்டும் ரெசினில் கோபால்ட் கலந்த பிறகுதான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். உடனே தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவியபடி இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி இல்லாமல் படகை அறுக்க விடாதீர்கள்.

“ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்து தருகிறோம்” என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவரை நம்ப வேண்டாம். முறையான வழி புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்றவற்றில் மாதிரி ஒப்புதல் (டைப் அப்ரூவல்) வாங்குவது. ஒற்றை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பதிவை முடக்கிப் பதிவு அதிகாரி உத்தரவு போட்டால், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விழாவிலோ கண்காட்சியிலோ காட்ட ஆசைப்பட்டால் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஜனங்கள் வந்துபோகும் தனியார் வளாகத்தையும் நீதிமன்றங்கள் பொது இடமாகக் கருதியதுண்டு என்பதால், அங்கேயும் கூட்டத்துக்கு நடுவே ஓட்ட வேண்டாம்.

இப்படிப்பட்ட வண்டி உங்கள் மேல் மோதிவிட்டால், அதற்குப் பாலிசி இல்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, விபத்து நடந்ததிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். 112-க்கு அழையுங்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை நாலா பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் வழக்கறிஞர் இலவசம், சட்ட உதவி எண் 15100. அமீர்பேட்டுக்கு கோர்ஸ் படிக்கப் போன பிள்ளை அடிபட்டால், பெற்றோர் வழக்குக்காக ஹைதராபாத்துக்கு அலைய வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே, திருநெல்வேலியானாலும் திருச்சியானாலும், மனுப் போட 166-ஆம் பிரிவு இடம் தருகிறது.