மூக்குக் கண்ணாடியும் வீண் அச்சமும்

கரும்பலகையில் எழுதியதைப் பிழையாகப் பெயர்த்தெழுதும் பிள்ளையை மந்தன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்பிள்ளைக்கு எழுத்துத் தெரிகின்றதா என வினவுவோர் சிலரே. மங்கலான காட்சிக்கு மெல்ல மெல்லப் பழகிய பிள்ளையோ, எல்லோர்க்கும் உலகம் அவ்வாறே தோன்றுமென்று எண்ணி வாளாவிருக்கின்றது.

குறும்பார்வை உடையார்க்கு விழிக்கோளம் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். அதனால் தூரப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிகின்றது. குழிவில்லை அதனை உரிய இடத்திற் சேர்க்கின்றது. நாற்பது வயதையடுத்துக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்றுவதால், பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்து வாசிக்க நேர்கின்றது. இதுவே வெள்ளெழுத்து. இதற்குக் குவிவில்லை உதவும்.

சோதனைக்கு வருவோர் பலர் பரீட்சைக்கு வந்த மாணாக்கர்போல் அஞ்சுகின்றனர். முன்னவர் வாசித்த எழுத்துக்களை மனனஞ்செய்து ஒப்புவிப்பாரும் உளர். இதனால் ஏமாறுபவர் அவரேயன்றி வைத்தியரல்லர். இவ்வெழுத்து அட்டையை 1862ஆம் ஆண்டில் வகுத்தவர் ஒல்லாந்து தேசத்துக் கண் வைத்தியரான ஹேர்மன் ஸ்நெல்லன். அட்டை 6 மீற்றர் தூரத்தில் வைக்கப்படும். 6/18 என்று குறித்தால், நற்பார்வையுடையார் 18 மீற்றரிற் காணும் எழுத்தை அவர் 6 மீற்றரிலேயே காண்கின்றார் என்பது பொருள். எழுத்தறியாதார்க்கு, நாற்றிசையும் திரும்பிய ஒரே குறியைக் காட்டி அதன் திசையைக் கேட்பர். “முதல் வில்லை தெளிவா, இரண்டாவது தெளிவா?” என்னும் வினாவுக்கு “இரண்டும் ஒன்றே” என்பதும் தக்க விடையே.

கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால், பெரும்பாலும் சில மணி நேரம் கண் கூசும். அண்மை எழுத்து மங்கும். ஆதலால் துணையுடன் செல்லுதல் நன்று.

புதுக் கண்ணாடி அணிந்த தொடக்கத்தில் நிலம் சரிந்தாற்போல் தோன்றலாம். சில நாளிற் பழகிவிடும். பழகாது தலைவலி நீடிப்பின், கண்ணாடியைப் பெட்டியில் மூடிவையாது மீண்டும் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். வாசிப்புக்கும் தூரத்துக்குமென இருபகுதியாய் அமைந்த கண்ணாடி அணிந்தோர், படியிறங்கும்போது தலையைத் தாழ்த்தி மேற்பகுதியால் நோக்குதல் நலம்.

கண்ணாடி அணிந்தால் கண் கெடும் என்பது வீண் அச்சம். பிள்ளையின் வில்லை வலு ஆண்டுதோறும் ஏறுவது கண்ணாடியாலன்று. விழிக்கோளம் மேலும் நீள்வதனாலாகும். பெண்பிள்ளை கண்ணாடி அணிந்தால் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சும் பெற்றோரும் உளர். ஒரு கண் மட்டும் மங்கிய சிறுபிள்ளைக்கு உரிய காலத்திற் கண்ணாடி கொடாவிடின், மூளை அக்கண்ணின் காட்சியைப் புறக்கணித்துவிடும். வளர்ந்தபின் எத்துணை நல்ல வில்லை அணியினும் அப்பார்வை முழுதும் மீள்வதரிது.

கண் சோதனை கண்ணாடிக்கு மட்டுமன்று. கண்ணின் உள்ளழுத்தத்தாற் பெரிதும் விளையும் குளுக்கோமா, நோவின்றி ஓரப்பார்வையைக் கவர்ந்துசெல்லும். இழந்த பார்வை மீளாது. நீரிழிவும் விழித்திரையைத் தாக்கும். நன்றாகத் தெரிகின்றதே என்றிருப்போரும் இடையிடையே கண்ணைச் சோதித்துக் கொள்ளுதல் அறிவுடைமையாகும்.