தானமாய் வந்த வால்வும் இளம் உடலும்

குருதியை ஒருவழியே செல்லவிடும் கதவுகள் இருதய வால்வுகள். இறந்தவர் ஒருவரின் வால்வை, 1962இல் இலண்டனில், டொனால்ட் றொஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியொருவருக்குப் பொருத்தினார். வளர்ந்தோரில் இத்தகைய வால்வு பல்லாண்டு உழைக்கும்; சிறுவரிலோ விரைவிலே சுண்ணம் படிந்து இறுகிவிடுகிறது. இளமையின் வலிமையே இங்கு பகையாவது விந்தையன்றோ! வால்வில் எஞ்சியுள்ள அந்நியக் கலங்களை இளம் உடல் இனங்கண்டு, பிறபொருளெதிரிகளை உண்டாக்கித் தாக்குவது இதற்கொரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். அப்பிறபொருளெதிரிகள், பிற்காலத்தில் அப்பிள்ளைக்கு மாற்று இருதயமே வேண்டியிருப்பின், பொருத்தமானதொன்றைத் தேடுவதையும் கடினமாக்கும்.

1967இல் றொஸ் வேறொரு வழி கண்டார். நோயாளியின் சொந்த நுரையீரல் நாடி வால்வையே எடுத்துப் பெருநாடி வாயிலில் பொருத்தினார். தன் பொருளை உடல் பகைப்பதில்லை. பிள்ளையோடு அவ்வால்வு வளரவுங்கூடும். ஆயினும், வெறுமையான நுரையீரல் நாடிக்குப் பெரும்பாலும் தானமாய்ப் பெற்ற வால்வே வேண்டியிருக்கிறது. அங்கே குருதியழுத்தம் குறைவாதலின், அது சற்று நீடித்து உழைக்கும்.