சட்டை உரிக்கும் பாம்பைச் சீண்டாதீங்க!

கொல்லையில் பாம்புச் சட்டை கிடந்தால் பதறிப் போகிறோம். உண்மையில் அந்தச் சட்டையால் ஒரு கெடுதலும் இல்லை. விஷம் பாம்பின் தலையில் உள்ள பையில்தான் இருக்கிறது, தோலில் கிடையாது. சட்டை உரிக்கப் போகும் பாம்பிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான். மழைக்கு வாய்க்காலில் வந்த தண்ணிப் பாம்பைப் பிடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் பிளாஸ்டிக் குடத்தில் வளர்த்தான். சில நாளில் அது தவளையைப் போட்டாலும் தொடவில்லை. உடம்பு மங்கி, கண் இரண்டும் பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. "கண்ணு போயிடுச்சு அத்தை, தோலை நானே உரிச்சு விடட்டுமா?" என்று என்னிடம் ஓடி வந்தான்.

நல்லவேளை, கிள்ளைப் பக்கத்திலிருந்து நண்டு, இறால் கொண்டுவரும் இருளர் அக்கா அங்கே இருந்தார். "தொடாத தம்பி! சட்டை கழட்டப் போவுது. இப்ப அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கை கிட்டப் போனாலே பயந்து கடிக்கும்" என்றவர், குடத்தை வாய்க்கால் ஓரப் புதரில் சாய்த்து விட்டுவிட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. பாம்புக்கு இமை இல்லை. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு நீர் சுரக்கும்போது, அந்தச் செதில் மங்கி நீலம் பாய்ந்து விடும். சில நாளில் கண் தெளியும். பிறகு சொரசொரப்பான இடத்தில் மூக்கை உரசி, காலுறையைப் புரட்டுவது போலச் சட்டையைக் கழற்றும். நாம் பிய்த்தால் உள்ளே இருக்கும் இளந்தோல் புண்ணாகிவிடும். உடம்பு மங்கியிருக்கும் சமயத்தில் அது என்ன பாம்பு என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். குடத்தில் இருந்தது கட்டுவிரியன் குட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே குலை நடுங்குகிறது!

பாம்பைப் பற்றி இருளர்களுக்குத் தெரிந்தது ஏட்டுப் படிப்பில் வராது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அனுமதி பெற்றுப் பாம்புகளை மண்பானையில் வைத்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறது. விடுமுன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போடுவார்கள். சிலமுறை சட்டை உரித்ததும் அது தானாக மறைந்துவிடுமாம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தவர்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* சட்டை உரிக்க ஈரமும் மறைவும் தேவை. துவைக்கிற கல், செங்கல் அடுக்கு, விறகுக் குவியல் பக்கம் வெறுங்கையை விடாதீர்கள்.

* சட்டை கிடந்தால் பாம்பு அங்கேயே குடியிருக்கிறது என்று அர்த்தமில்லை. குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

* நாகம், சாரை, தண்ணிப் பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

* வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள்.

* கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108க்குப் போன் செய்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பையனின் அம்மா குடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆனால் பையனை அடிக்கவில்லை. ஆசையாக வளர்த்த பிள்ளை, அடித்தால் அடுத்த முறை இன்னும் மறைவாக வைப்பான் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்.