காய்க்காத கொடியின் கணக்கு

கடையில் வாங்கிய கிவிப் பழம் ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் வெண்ணிறத் தண்டு. அதைச் சுற்றிச் சூரியக் கதிர்போல் விரியும் வெளிர்க் கோடுகள். கோடுகளுக்கு இடையே எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதைகள். பச்சைச் சதையின் புளிப்பும் இனிப்பும்தான் நம் நாக்குக்குத் தெரியும். விதைகளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணிப் பார்த்தால், நன்கு பருத்த பழத்தில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். சிலவற்றில் அதற்கும் மேல்.

ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். ஆயிரம் விதை என்றால் ஆயிரம் துகள். அத்தனையும் வந்தது அந்தப் பழத்தைத் தாங்கிய கொடியிலிருந்து அல்ல. வாழ்நாளில் ஒரு பழம்கூடக் காய்க்காத இன்னொரு கொடியிலிருந்து. அந்த ஆண் கொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நியூசிலாந்தில் கிவி தோப்புப் பயிர் மட்டுமல்ல, வீட்டுப் பின்புறத்துப் பந்தல் பயிரும்கூட. அங்கே நவம்பர், வசந்தத்தின் கடைசி மாதம். பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பாலாடை நிறப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். ஒரே ஒரு கொடியை வாங்கி நட்டுவிட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் தண்ணீரும் எருவும் கொடுத்து வளர்த்தவருக்கு அந்தக் காட்சி பெரிய மகிழ்ச்சி. ஆனால் சில நாட்களில் இதழ்கள் மஞ்சளாகிப் பழுத்து உதிர்கின்றன. பின்னாலேயே பூக்காம்பும் உதிர்கிறது. பிஞ்சு ஒன்றுகூட நிற்பதில்லை. அடுத்த ஆண்டும் அதே கதை. உரம் போதவில்லையோ, மண் சரியில்லையோ என்று மனம் அலைபாயும். மண்ணிலும் உரத்திலும் குறையே இல்லை. கொடிக்கு ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

ஆண்பனை, பெண்பனை என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இது புதிய செய்தி அல்ல. நுங்கு தருவது பெண்பனை. ஆண்பனையில் பாளை மட்டுமே வரும். கிவியும் அப்படி ஆண் வேறு, பெண் வேறாகப் பிறந்த இனம். பனங்காட்டில் இரண்டும் கலந்தே முளைப்பதால் ஜோடி தேடும் கவலை யாருக்கும் இல்லை. வீட்டுப் பந்தலில் அந்தக் கவலை நட்டவருடையது.

பூவைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். பெண் பூவின் நடுவில் பச்சையும் வெண்மையுமாக உருண்டு திரண்ட சூலகம் இருக்கும். அதன் உச்சியில் வெள்ளைச் சூல்தண்டுகள் சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிந்து நிற்கும். எண்ணிக்கை முப்பதுக்கு மேல். பழத்தை வெட்டும்போது நாம் காணும் கதிர் அமைப்பு பூவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண் பூவில் அந்த வெள்ளைச் சக்கரம் இருக்காது. நடுவில் வளராமல் நின்றுபோன சின்னக் குமிழ் ஒன்று, சுற்றிலும் அடர்ந்த மஞ்சள் மகரந்தத்தாள்கள், அவ்வளவே.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெண் பூவிலும் மகரந்தத்தாள்கள் இருக்கின்றன. மஞ்சள் பொடியும் உதிர்கிறது. ‘இரண்டும் ஒரே பூவில் இருக்கிறதே, பிறகு ஏன் காய்க்கவில்லை?’ என்று கேட்கத் தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரியும். பெண் பூவின் மகரந்தம் வெறும் கூடு. முளைக்கும் திறன் அதற்கு இல்லை.

முளைக்காத மகரந்தத்தை ஏன் சுமக்க வேண்டும்? தேனீக்காகத்தான். கிவிப் பூவில் தேன் சுரப்பதில்லை, ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. தேனீ இங்கே வருவது குஞ்சுகளுக்குப் புரத உணவாகும் மகரந்தம் தேடி. பெண் பூவில் மகரந்தமே இல்லையென்றால் தேனீ அதை எட்டிக்கூடப் பார்க்காது. ஆண் பூவில் புரண்டு உடம்பெல்லாம் பொடி பூசிக்கொண்ட தேனீ, பெண் பூவின் மஞ்சளைக் கண்டு அங்கேயும் இறங்குகிறது. வெள்ளைச் சூல்தண்டுகளின்மேல் நடக்கிறது. ஆண் கொடியின் துகள்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் பெரும்பங்கு வேலை தேனீயுடையது.

ஒரு கொடி ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்? ஜப்பானிய ஆய்வாளர் தகாஷி அகாகியும் அவருடைய குழுவினரும் 2018, 2019 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. மனிதரைப் போலவே கிவியிலும் ஆணிடம் ஒய் குரோமோசோம் இருக்கிறது. அதில் இரண்டு மரபணுக்கள். ஒன்று சூலகம் வளராமல் தடுக்கிறது. அதற்கு ‘ஷை கேர்ள்’, அதாவது நாணும் பெண் என்று பெயரிட்டார்கள். மற்றொன்று மகரந்தப்பைக்குள் துகள்கள் ஊட்டம் பெற்று உயிரோடு முதிர வழிசெய்கிறது. அதன் பெயர் ‘ஃப்ரெண்ட்லி பாய்’, நட்பான பையன். பெண் கொடியில் இரண்டுமே இல்லை. ஆகவே சூலகம் தடையின்றி வளர்கிறது, மகரந்தம் கூடாகவே நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் இரண்டாவது மரபணுவை மட்டும் பெண் செடிக்குள் செலுத்தியபோது, அது உயிருள்ள மகரந்தமும் பழமும் ஒருசேரத் தரும் இருபால் செடியாக மாறியது.

இந்த ஆண், பெண் பிரிவு கிவியின் வரலாற்றையே திசைதிருப்பியிருக்கிறது. பழத்தின் தாய்நாடு சீனா. 1904ஆம் ஆண்டு, நியூசிலாந்தின் வாங்கனுய் நகரப் பெண்கள் கல்லூரியின் தலைமையாசிரியை இசபெல் ஃப்ரேசர், யாங்சி ஆற்றங்கரையின் யீச்சாங்கில் சமயப் பணியில் இருந்த தம் சகோதரியைப் பார்க்கச் சென்றார். திரும்பும்போது கொஞ்சம் விதைகளைக் கொண்டுவந்தார். அவை கைமாறி, அலெக்சாண்டர் அலிசன் என்பவரின் தோட்டத்தில் முளைத்து, 1910இல் காய்த்தன. அதே காலத்தில் எர்னஸ்ட் வில்சன் என்ற புகழ்பெற்ற தாவரச் சேகரிப்பாளரும் சீனாவிலிருந்து விதைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த முதல் கொடிகள் ஆணாக அமைந்துவிட்டன. பூத்தன, காய்க்கவில்லை. தேர்ந்த வல்லுநரின் விதைக்குக் கிட்டாத பேறு ஓர் ஆசிரியையின் கைப்பிடி விதைக்குக் கிட்டியது. இன்று நியூசிலாந்தின் பச்சைக் கிவி ரகங்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் இரண்டு பெண் கொடிகளிலும் ஓர் ஆண் கொடியிலும் போய் நிற்கிறது. அந்த ஓர் ஆண் இல்லாதிருந்தால், அந்த நாட்டின் பறவைப் பெயரை இந்தப் பழம் தாங்கியிருக்காது.

இனி, வீட்டுப் பந்தலுக்கு வருவோம். ஓர் ஆண் கொடி ஆறு முதல் எட்டுப் பெண் கொடிகளுக்குப் போதும். வீட்டில் ஒரு பெண் கொடி மட்டுமே இருந்தாலும் அதற்கும் ஓர் ஆண் வேண்டும். விதை போட்டு முளைக்கவைத்தால் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண்ணாக வரும். எது எது என்று பூக்கும்வரை கண்ணால் சொல்ல முடியாது. பூக்கவோ பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் பால் தெரிந்த ஒட்டுச் செடிகளை வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்கும்போது பூக்கும் நேரத்தையும் கேட்க வேண்டும். பெண் பூ மலர்ந்து ஒரு வாரம் வரை மகரந்தத்தை ஏற்கும். ஆண் பூவின் மகரந்தமோ முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் வீரியத்தோடு இருக்கும். ஆண் முந்திப் பூத்து ஓய்ந்துவிட்டால் பெண் காத்திருந்தும் பயனில்லை. உலகெங்கும் பரவலாக வளரும் ‘ஹேவர்டு’ என்ற பெண் ரகம் பிந்திப் பூப்பது. அதற்கு ஏற்றது ‘டோமுரி’ என்ற ஆண் ரகம். ‘மட்டுவா’ என்ற ஆண் சற்று முந்திப் பூக்கும். இரண்டையும் வைத்திருப்பவருக்குப் பூக்காலம் முழுவதும் மகரந்தம் கிடைக்கும்.

இடம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பெண் கொடியிலேயே ஒரு கிளையில் ஆண் கொடியின் குச்சியை ஒட்டுக்கட்டிவிடலாம். ஒரே வேர், ஒரே பந்தல், இருபாலும் உண்டு. ஒட்டிய கிளைக்கு அடையாளமாக ஒரு வண்ணத் துணியைக் கட்டிவைப்பது நல்லது. இல்லையென்றால் கவாத்தின்போது ‘இது காய்க்காத கிளைதானே’ என்று கை தானாக அதை வெட்டிவிடும்.

கவாத்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறு காலத்தில். பெண் கொடியைக் குளிர்காலத்தில் கவாத்து செய்வார்கள். ஆண் கொடியைப் பூத்து முடிந்த கையோடு ஒட்ட வெட்ட வேண்டும். காய் சுமக்காத கொடி என்பதால் அது வெறிகொண்டு படரும். விட்டால் பெண் கொடியின் வெயிலையும் பறித்துக்கொள்ளும். பூத்ததும் வெட்டினால், கோடையில் புதுத் தளிர் விட்டு அடுத்த வசந்தத்தின் பூவுக்கு வேண்டிய கிளைகளைத் தயார்செய்துகொள்ளும். குளிர்காலத்தில் வெட்டினால் வரவிருக்கும் பூவைத்தான் வெட்டியெறிகிறோம்.

தேனீ வராத மழை நாட்களில் மனிதக் கை தேனீயாகலாம். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, பெண் பூவின் வெள்ளைச் சக்கரத்தின்மேல் வட்டமாக மெல்லத் தேய்த்தால் போதும். ஓர் ஆண் பூவைக் கொண்டு ஐந்தாறு பெண் பூக்களைத் தொடலாம். சக்கரத்தின் எல்லாப் பக்கமும் பொடி படுவது முக்கியம். விதைகள் சுரக்கும் ஹார்மோன்கள்தான் சுற்றியுள்ள சதையை வளரச் சொல்கின்றன. விதை குறைந்தால் பழம் சிறுக்கும். ஒரு பக்கம் விதை விழாவிட்டால் பழம் கோணலாகும். ஆண் கொடி கருத்தரிக்க மட்டும் உதவுவதில்லை, பழத்தின் எடையையும் உருவத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது.

பெரிய தோப்புகளில் இதே கணக்கைப் பெரிய அளவில் போடுகிறார்கள். ஹெக்டேருக்கு எட்டுத் தேனீப் பெட்டிகள் வைப்பது நியூசிலாந்தின் வழக்கம். கூட்டுக்குச் சர்க்கரைப் பாகும் கொடுப்பார்கள். இனிப்பு வீட்டிலேயே கிடைத்துவிடுவதால், தேன் தேடி க்ளோவர் பூக்களுக்குப் போகவேண்டிய தேனீக்கள் மகரந்தம் சேர்க்கத் திரும்பும். ஆண் பூக்களைப் பறித்து, மகரந்தத்தைப் பிரித்தெடுத்து, கருவியால் தூவுவதும் உண்டு. 2010 நவம்பரில் டெ புக்கே பகுதியில் பிஎஸ்ஏ என்ற பாக்டீரியா நோய் கண்டுபிடிக்கப்பட்டு, மஞ்சள் கிவித் தோப்புகளை அழித்தது. அந்தக் கிருமி மகரந்தத்திலும் இருப்பது தெரியவந்தபோது, வாழ்வைச் சுமக்கும் தூள் நோயையும் சுமக்கும் என்று எல்லோரும் உணர்ந்தார்கள். ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து ஆண் குச்சியோ பூவோ வாங்கி வரக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்தியாவிலும் கிவிக்கு ஒரு கதை உண்டு. 1960 வாக்கில் பெங்களூரு லால்பாக்கில் நட்ட கொடிகள் காய்க்கவில்லை. கிவி மொட்டு விழிக்க, குளிர்காலத்தில் பல நூறு மணி நேரக் கடுங்குளிர் தேவை. பெங்களூருவின் இதமான காற்று அதற்குப் போதவில்லை. சிம்லாவின் ஃபாக்லி ஆய்வு நிலையத்தில் 1963இல் நட்டவை 1969இல் காய்த்தன. இன்று இமாசலத்தின் மலைச்சரிவுகளிலும் அருணாசலத்தின் சீரோ பள்ளத்தாக்கிலும் கிவிப் பந்தல்கள் இருக்கின்றன. அங்கும் சில கொடிகளுக்கு ஓர் ஆண் என்ற கணக்கு மாறுவதில்லை.

காய்க்காத மரத்தை வெட்டு என்பது மனித அவசரம். தன் பந்தலில் பழமே தராத ஒரு கொடிக்கு இடமும் நீரும் வெயிலும் கொடுத்து, பூத்த மறுவாரமே அதற்குக் கவாத்தும் செய்து, அடுத்த நவம்பருக்காகக் காத்திருப்பவர் அந்த அவசரத்தைக் கடந்தவர். அடுத்த முறை கிவியை வெட்டும்போது, சதையை உண்பதற்கு முன் அந்தக் கறுப்புப் புள்ளிகளை ஒரு கணம் பாருங்கள். ஆண் கொடி காய்க்கவில்லை என்று இனிச் சொல்ல மனம் வராது.