மதிலில் ஒட்டிய அறிக்கை, 1801

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டையில் நவாபு அரண்மனை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோயிலின் வெளிமதிலிலும், மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் ஜம்புத்தீவுப் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர விளித்து, வெள்ளையரை விரட்ட எழும்படி அழைத்த அறிக்கை அது. கிழக்கிந்தியக் கும்பினிப் படை நிலைகொண்டிருந்த ஊரில், ரங்கநாதரைச் சேவிக்க வருவோர் கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்டியவரின் துணிவைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கிளர்ச்சியை எதிர்ப்பக்கத்தில் நின்று கண்ட வெள்ளையர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1795 வாக்கில் மதுரைச் சீமைக்கு வந்திருந்த இளம் அதிகாரி அவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். ஆறே ஆண்டுகளில் அந்த ஆசானை வேட்டையாடிய படையில் மாணவரும் இருந்தார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமியை, மற்ற கைதிகளோடு 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அப்போது அவர் சிறுவர். 1818இல் பினாங்கு சென்ற வெல்ஷைத் தேடி, தளர்ந்துபோன ஒருவர் வந்தார். பெயரைச் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு ஆள் தெரிந்தது. நடுவயதைக்கூட எட்டாத துரைசாமி, முதியவராகி நின்றார். ஊரில் எஞ்சியிருந்த உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகும்படி கேட்டார். உத்தரவுக்கு விரோதம் என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். 1830இல் அச்சான தம் நினைவுக்குறிப்புகளில் இதை அவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.