நீர்க்கரைப் பருவங்கள் – 9: பத்ம சரோவரத்தில் கூதிர்

கோடை முடிந்தால் மழை, மழை விட்டால் மறுபடி வெயில். நடுவே நின்று ரசிக்க ஒரு பருவம் நம் பக்கத்தில் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இலை பழுத்து உதிர்வதுதான் கூதிர் என்று படங்கள் பழக்கிவிட்டதால் வரும் கேள்வி இது. பகல் வெகுவாகச் சுருங்கும் குளிர்நாடுகளில் மரங்கள் நிறம் மாறும். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். இங்கே பருவத்தைத் திருப்பிவிடுவது காற்று. கோடை முழுக்க மேற்கிலிருந்து வறட்டிய காற்று, ஐப்பசியில் வங்கக்கடலின் ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வரத் தொடங்குகிறது. ஆகவே நம் கூதிரைத் தண்ணீர்க் கரையில்தான் தேட வேண்டும் என்கிறேன்.

இந்த ஊரின் திருவிழாக்களே அதற்குச் சாட்சி. கோயில் குளமான பத்ம சரோவரத்தில் ஜேஷ்ட பௌர்ணமியோடு நிறைவுறும் ஐந்து நாள் தெப்போற்சவம், வெயில் இன்னும் விடாத ஜூன் மாதத்தையொட்டி வருகிறது. அதே குளத்தில், கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் ஒன்பதாம் நாள் பஞ்சமி தீர்த்தம். பத்மாவதித் தாயார் பொற்றாமரையில் தோன்றியதாக ஐதிகம் சொல்லும் நாள் அது. திருமலையிலிருந்து பட்டும் மஞ்சளும் குங்குமமுமாகச் சீர் வரும், சக்கரத்தாழ்வாருக்குத் தீர்த்தவாரி நடக்கும். 2023இல் நவம்பர் 18, 2024இல் டிசம்பர் 6, 2025இல் நவம்பர் 25 என்று திதி நகர்ந்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அது வருவதில்லை. முதல் விழா கோடையில் மிஞ்சிய தண்ணீருக்கு, இரண்டாவது புதுத் தண்ணீருக்கு என்றே எனக்குப் படுகிறது.

படிகட்டி, தேவஸ்தானம் பராமரிக்கும் குளம் எப்படிப் பருவத்தைக் காட்டும் என்று கேட்கலாம். நீர்மட்டம் காட்டாதுதான். ஆனால் ஐப்பசியில் இப்பக்கத்து நீர்நிலைகளின் மேல் மஞ்சள் தட்டான்கள் உட்காராமல் சுற்றிச் சுற்றிப் பறப்பதைப் பாருங்கள். வடகிழக்குக் காற்றோடு தென்னிந்தியா வந்து, மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை கடலைக் கடப்பதாக ஆய்வாளர்கள் கருதும் இனம் அது. இதே திருப்பதி மாவட்டத்தின் நேலபட்டு ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதும் இந்த மழையை நம்பித்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2021 நவம்பரில் சொர்ணமுகி ஆறு பெருகித் திருச்சானூர்ப் பக்கம் கரையோர வீடுகளைச் சரித்தது. ராயலசெரு ஏரியின் கரையில் கசிவு கண்டு கிராமங்களைக் காலி செய்தார்கள். வீடிழந்தவரிடம் பருவத்தை ரசி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆற்றை வெறும் நிலமாக எண்ணி மனை போட்டு விற்க முடிந்தது, ஐப்பசி கார்த்திகையில் அது எவ்வளவு அகலும் என்று பார்த்து வைத்தவர்களின் பேச்சு எடுபடாமல் போனதால்தான். நான் சொல்லும் ரசனை அப்படிப்பட்ட பார்வை. ஏரிக்கரையில் வாழ்ந்த தலைமுறைகளுக்கு அதுவே தொழிலாகவும் இருந்தது: கலிங்கு எப்போது வழியும், மதகை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். ராயலசெருவின் கரையையும் கலிங்கையும் அடுத்த வாரம் பார்ப்போம்.