உங்களுக்குத் தெரியுமா? துணியால் பறந்த விமானங்கள்

ரைட் சகோதரர்கள் 1903-இல் ஓட்டிய விமானத்தின் இறக்கைத் துணி, அவர்கள் ஊரான டேட்டனில் ஒரு கடையில் வாங்கிய வெளுக்காத பருத்தி மஸ்லின். தையல் மிஷினில் தாங்களே தைத்தார்கள். ரவிக்கைக்குத் துணி வெட்டும் நம் டெய்லர்கள் சொல்கிற ‘கிராஸ் கட்டிங்’தான் அங்கேயும். ஆனால் காரணம் வேறு. ரவிக்கையில் கிராஸ் துணி உடம்புக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும். இறக்கையில், 45 டிகிரி சாய்வாக ஓடும் இழைகள் மரச்சட்டம் கோணிப்போகாமல் இழுத்துப் பிடிக்கும்.

அந்தத் துணியில் ஒரு துண்டு 1969-இல் அப்பல்லோ 11 உடன் நிலாவுக்குப் போனது. இன்னொரு துணுக்கு 2021-இல் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரோடு செவ்வாயில் இறங்கியது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களுக்கு அயர்லாந்து லினன். ‘டோப்’ என்ற செல்லுலோஸ் பூச்சைத் தடவினால் துணி சுருங்கி இறுகும். காற்றும் மழையும் புகாது. சில வகை டோப் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதுதான் வினை.

லினனுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அமெரிக்கா நீள இழைப் பருத்திக்கு மாறியது. மதுரையில் ஹார்வி மில் 1890-களிலேயே வந்துவிட்டதே, நம் கரிசல் பஞ்சு பறக்கவில்லையா என்று கேட்கலாம். கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. இறக்கைத் துணிக்கு வேண்டிய மெல்லிய, உறுதியான நூல் அதில் வராது. மானாவாரியில் விளையும் பருத்திக்கு அது ஒரு குறையா என்ன!

துணி விமானம் போரோடு முடிந்துவிடவில்லை. பெங்களூரு ஹெச்.ஏ.எல். தயாரித்து 1958-இல் முதலில் பறந்த ‘புஷ்பக்’ பயிற்சி விமானத்துக்கும் துணிப் போர்வைதான். நம் நாட்டு ஃபிளையிங் கிளப்களில் பலர் ஓட்டக் கற்றது அதில்தான்.

விமானத்துக்குத் துணி உதவியதுபோல் விமானிக்குப் பஞ்சும் உதவியது. போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தைக்குப் பேர்போனது. இலவ இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. எளிதில் நீரில் நனையாது. அதனால் இரண்டாம் உலகப் போரில் கடற்படையினரின், விமானிகளின் மிதவைச் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடிக்க, வரத்து நின்றது. அமெரிக்கா அப்போது தேடிப் போனது வேலியோரத்து மில்க்வீட் செடியை. நம் எருக்குக்கு அது சொந்தம். பள்ளிப் பிள்ளைகள் காடுமேடெல்லாம் அலைந்து காய் பறித்தார்கள். இரண்டு சாக்குக் காயின் பஞ்சில் ஒரு மிதவைச் சட்டை.